கன்றிப்போன கையும் எழுதாமல் விட்ட வரியும்

காவிரி டெல்டாவில், வெண்ணாற்றுப் பாசனப் பகுதியில் இருக்கும் ஓர் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் ஸ்டாஃப் நர்ஸ். 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் நிலையம். கர்ப்பிணியாக வந்த ஒரு பெண்ணைப் பற்றி இங்கே எழுதுகிறேன். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அவரை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காக வயது, ஊர் போன்ற சிலவற்றை மாற்றியிருக்கிறேன். நாங்கள் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் மாற்றவில்லை.

முதல் வருகை: 16-ஆவது வாரம்

செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் நாள். ஜூன் மாதம், மேட்டூர் அணை திறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. நாற்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். இவருக்கு 23 வயது, தலைப்பிள்ளை. மாமியார் கூட வந்து பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

பி.பி. பட்டையைச் சுற்றுவதற்காகச் சுடிதார் கையை மேலே தள்ளினேன். இடது மேல்கையின் உட்புறத்தில் வரிசையாக நான்கு கன்றிய இடங்கள், ஒவ்வொன்றும் விரல்நுனி அகலம். வெளிப்புறத்தில் இன்னொன்று, சற்றுப் பெரிதாக. ஒருவர் கையைக் கெட்டியாகப் பிடித்து இழுத்தால் எப்படிப் பதியுமோ அப்படியே இருந்தது. பட்டையில் காற்று ஏறியபோது அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"என்னம்மா இது, எங்கயாச்சும் இடிச்சிக்கிட்டியா?" என்று கேட்டேன்.

அவர் மாமியாரைப் பார்த்தார். மாமியார் சொன்னார்: "மாட்டுக்கொட்டாயில வழுக்கிருச்சு சிஸ்டர். சொன்னா கேக்குறதில்ல." அந்தப் பெண் தலையாட்டினார். நான் வலது கையில் பட்டையை மாற்றிக் கட்டி, தாய் சேய் நல அட்டையில் 110/70 என்று எழுதி, அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

இதில் என் தவறுகள் மூன்று. மாமியார் இருக்கும்போது கேட்டேன். "இடிச்சிக்கிட்டியா" என்று கேட்டு, பதிலை நானே எடுத்துக் கொடுத்தேன். மூன்றாவதை அப்போது தவறென்றே நினைக்கவில்லை: கையில் பார்த்ததை எங்கேயும் எழுதவில்லை. அது என்ன விலை கேட்டது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

வழுக்கி விழுகிறவர் கையை ஊன்றுவார். உள்ளங்கை, முழங்கை, முழங்கால், கணுக்கால் பக்கம் அடிபடும். மேல்கையின் உட்புறம், காது, கழுத்து, மார்பு, வயிறு எல்லாம் விழும்போது தானாக அடிபடுகிற இடங்கள் அல்ல. முன்கையின் வெளிப்புறத்தில் நீளமாகக் கன்றியிருந்தால், வந்த அடியைத் தடுக்கக் கையை உயர்த்தியிருப்பார் என்று யோசிக்க வேண்டும். நிறத்தை வைத்து "இது மூன்று நாள் பழசு" என்று நாள் கணக்குச் சொல்லக் கூடாது, அது நம்பத்தக்கதல்ல. கண்ட இடம், அளவு, வடிவம், நிறம் நான்கையும் அப்படியே எழுதினால் போதும். படிக்கும்போது எனக்கு இது பாடமாக வந்ததுதான். நாற்பது பேர் வரிசையில் நிற்கும்போது பாடம் நினைவுக்கு வரவில்லை.

இரண்டாம் வருகை: 24-ஆவது வாரம்

நடுவில் ஒரு மாதம் வரவில்லை. வந்தபோது ஹீமோகுளோபின் 9.6-லிருந்து 8.4-க்கு இறங்கியிருந்தது. எடை கூடவேயில்லை. தலைவலி, முதுகுவலி, தூக்கமில்லை. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறாயா என்றால் "சாப்பிடுறேங்க" என்று தரையைப் பார்த்தபடி சொன்னார். எங்கள் கிராம சுகாதார செவிலியர் ஒரு விஷயம் சொன்னார்: எப்போது போன் போட்டாலும் மாமியார்தான் எடுக்கிறார், வீட்டுக்குப் போனால் அந்தப் பெண் திண்ணைக்கே வருவதில்லை.

நாங்கள் மாத்திரையை மாற்றிக் கொடுத்தோம், கீரை, பேரீச்சம்பழம் சாப்பிடச் சொன்னோம். டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி வந்துவிட்டதா என்றும் கேட்டோம். "கார்டு அவருகிட்ட இருக்கு" என்றார். ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்புள்ள திட்டம் அது. கர்ப்பிணியின் வாய்க்குச் சாப்பாடு போய்ச் சேர வேண்டும் என்பதற்காக வந்தது. கார்டு கணவரிடம், நகை அடகுக் கடையில், குழுக் கடன் மட்டும் இந்தப் பெண்ணின் பெயரில். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் உடல், பாலியல், சொல் மற்றும் மனம் சார்ந்த கொடுமைகளோடு பொருளாதாரக் கொடுமையையும் வன்முறை என்றே சொல்கிறது. ஆனால் அன்று நான் அதை ரத்தசோகையாக மட்டுமே பார்த்தேன்.

மூன்றாம் வருகை: இரவு 9.40

செப்டம்பர் கடைசி. குறுவை அறுவடை நடந்துகொண்டிருந்தது. கணவர் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர். அந்த வாரங்களில்தான் கையில் காசு புரளும். பைக்கில் பின்னால் உட்கார வைத்து மனைவியை அழைத்து வந்தார். "மாடிப்படியில விழுந்துட்டா சிஸ்டர், வயிறு வலிக்குதுங்குறா."

30 வாரம். நாடித்துடிப்பு 104, பி.பி. 110/70. வயிற்றின் இடப்பக்கம் தொட்டாலே வலித்தது. உதிரப்போக்கு இல்லை. குழந்தையின் துடிப்பு 148. துப்பட்டா கழுத்தை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. அந்தப் புழுக்கத்தில் அப்படிச் சுற்றியிருந்ததே என்னை உறுத்தியது. பெயரைக் கேட்டபோது குரல் கரகரவென்று வந்தது. எச்சில் விழுங்க முகம் சுளித்தார். கீழிமையை இழுத்துப் பார்த்தேன். சிவப்பாகக் குண்டூசி முனை அளவில் புள்ளிகள்.

வயிற்றில் அடிபட்ட கர்ப்பிணிக்கு வெளியே ரத்தம் தெரியவில்லை என்பதால் நச்சுக்கொடி கர்ப்பப்பையிலிருந்து பிரிந்திருக்காது என்று சொல்ல முடியாது. உள்ளேயே ரத்தம் தேங்கலாம். அதனால் குறைந்தது நான்கு முதல் ஆறு மணி நேரம் துடிப்பையும் கர்ப்பப்பை இறுகுவதையும் தொடர்ந்து பார்க்க வேண்டும். ரத்த வகை நெகட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட வேண்டும். இவருக்கு பாசிட்டிவ். ஆனால் அன்று என்னை அதிகம் பயமுறுத்தியது கழுத்துதான். கழுத்தை நெரித்தால் வெளியே தடம் இல்லாமலும் இருக்கலாம். குரல் மாற்றம், விழுங்க வலி, கண்ணில் ரத்தப் புள்ளி, மயங்கி விழுந்த நினைவு, தன்னையறியாமல் சிறுநீர் போனது ஆகியவற்றைக் கேட்டுப் பார்க்க வேண்டும். கழுத்துக்குள் வீக்கம் சில மணி நேரம் கழித்தும் கூடலாம்.

எங்கள் பிரசவ அறைக்குள் ஆண்களை விடுவதில்லை. அந்த விதி அன்று பெரிய துணையாக இருந்தது. "குழந்தையோட துடிப்பு பாக்கணும் தம்பி, நீங்க வெளியில இருங்க, கூப்பிடுறேன்" என்று கதவைச் சாத்தினேன். அவருக்குச் சந்தேகம் வரவில்லை. தனியாக இருக்க வேண்டும் என்பதை ஒரு கோரிக்கையாகச் சொன்னால் கூட வந்தவர் மறுப்பார். வழக்கமான நடைமுறையாகச் சொன்னால் மறுக்கத் தோன்றாது. செவ்வாய்க்கிழமைகளிலும் இதைச் செய்திருக்கலாம். எடை பார்க்கும் இடமோ சிறுநீர் எடுக்கப் போகும் வழியோ, தனியாக இரண்டு நிமிடம் எங்கும் கிடைக்கும்.

கேள்வியை எப்படிக் கேட்பது

ஸ்டூலை இழுத்துப்போட்டு அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்தேன். நின்றுகொண்டு கேட்டால் விசாரணை மாதிரி இருக்கும். முதலில் ஒன்றைச் சொல்லிவிட்டேன்: "நீ சொல்றத வெளியில இருக்கறவங்ககிட்ட சொல்ல மாட்டேன். ஆனா காயத்த டாக்டர் ரிஜிஸ்டர்ல எழுதணும், ஸ்டேஷனுக்கும் தகவல் போகும். புகார் கொடுக்குறதும் கொடுக்காததும் உன் விருப்பம்." இதைப் பேச்சு தொடங்கும் முன்பே சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் கொட்டிய பிறகு சொன்னால் ஏமாற்றிவிட்டதாக நினைப்பார்கள்.

அப்புறம் கேட்டேன்: "இந்த மாதிரி கழுத்துல அடிபட்டு வர்ற பொண்ணுங்களப் பாத்திருக்கேன்மா. அதனால கேக்குறேன். வீட்டுல யாராவது உன் மேல கை நீட்டுறாங்களா?"

"வன்முறை" என்ற சொல்லை நம் பெண்கள் தங்கள் வீட்டுக்குச் சொல்ல மாட்டார்கள். அது செய்தியில் வருகிற சொல். "ஏதாவது பிரச்சினையா?" என்றால் "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்று முடிந்துவிடும். "கை நீட்டுவாரா" என்பது அவர்களுக்குள்ளேயே புழங்குகிற வார்த்தை. அதைக் கேட்டால் வாய் பேசாவிட்டாலும் கண் பேசும்.

இவர் கொஞ்ச நேரம் கூரை விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துப்பட்டாவின் ஒரு சுற்றைத் தானே அவிழ்த்தார்.

நான் குறுக்கே பேசவில்லை. "நீ என்ன சொன்ன, அவரு அடிக்கிற அளவுக்கு?" என்று நம்மில் பலர் கேட்டுவிடுகிறோம், அந்த ஒரு கேள்வி போதும், அந்தப் பெண் மறுபடி வாய் திறக்க மாட்டார். அவர் முடித்ததும் சொன்னேன்: "இது உன் தப்பு இல்லம்மா. எந்தக் காரணம் சொன்னாலும் அடிக்கிறது சரியில்ல. நீ சொன்னத நான் நம்புறேன்." அப்போதுதான் அழுதார்.

அழுகை நின்றதும் ஆபத்து எவ்வளவு என்று பார்க்கச் சில கேள்விகள். கடந்த ஆறு மாதத்தில் அடி கூடியிருக்கிறதா? ஆயுதத்தால் அடித்தோ மிரட்டியோ இருக்கிறாரா? கழுத்தை நெரித்திருக்கிறாரா? கர்ப்பமாக இருக்கும்போது அடித்தாரா? எந்நேரமும் சந்தேகப்படுகிறாரா? உன்னைக் கொன்றுவிடுவார் என்று தோன்றுகிறதா? மூன்றுக்கு ஆம் என்றாலே ஆபத்து அதிகம் என்று கொள்ள வேண்டும். இவர் ஆயுதத்தைத் தவிர எல்லாவற்றுக்கும் ஆம் என்றார். இந்த முறைக்கு மூலமான கேள்விப் பட்டியலை உருவாக்கிய ஜாக்குலின் கேம்ப்பெல் அமெரிக்காவில் ஒரு செவிலியர் என்பதை ஒவ்வொரு நர்ஸிடமும் சொல்ல ஆசைப்படுகிறேன். ஒரு முறை கழுத்து நெரிக்கப்பட்ட பெண் பின்னால் அதே ஆளால் கொல்லப்படும் வாய்ப்பு ஏறத்தாழ ஏழு மடங்கு என்று அங்கு செய்த ஆய்வு காட்டியது.

"சாகணும்னு தோணுதா?" என்றும் நேராகக் கேட்டேன். கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுவோம் என்பது தவறான பயம். வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து வீட்டுக் கொல்லையிலேயே இருக்கும் ஊர் இது. "ரெண்டு தடவ மருந்து டப்பாவ எடுத்துப் பாத்தேன் சிஸ்டர். வயித்துல இருக்கே, அதான் வச்சிட்டேன்."

குடிதான் காரணம் என்று எங்கள் நிலையத்திலேயே ஒருவர் சொன்னார். குடி அடியைக் கூட்டும், மறுக்கவில்லை. ஆனால் மூட்டை தூக்கும் இடத்தில் குடித்துவிட்டு அவர் யார்மீதும் கை வைத்ததில்லை. வீட்டுக்குள், கதவைச் சாத்திக்கொண்டு, துணி மறைக்கும் இடமாகப் பார்த்து அடித்திருக்கிறார். இது போதையில் தன்னை மறந்து செய்ததாக எனக்குத் தெரியவில்லை.

எழுதியதும் அனுப்பியதும்

டியூட்டி டாக்டர் வந்து பார்த்தார். அடிபட்டு வருகிறவர்களின் காயங்களைப் பதியும் ஆக்ஸிடென்ட் ரிஜிஸ்டரில் இரண்டு கூற்றுகளும் தனித்தனியே ஏறின: கூட வந்தவர் சொன்னது, மாடிப்படியில் விழுந்ததாக, நோயாளி தனியே சொன்னது, அவர் வார்த்தையிலேயே, "எங்க வீட்டுக்காரரு துப்பட்டாவால கழுத்த இறுக்கினாரு, வயித்துல உதைச்சாரு." காயங்களை அளந்து எழுதினோம். கழுத்தின் முன்பக்கம் குறுக்காக 7 செ.மீ. சிவந்த தடம். இடது தோளில் 4 செ.மீ. கன்றல். உடல் வரைபடத்தில் இடம் குறித்தோம். "குடும்பத் தகராறு" என்று எழுத வேண்டாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டேன். அந்தச் சொல் இரண்டு பேரும் சண்டை போட்டதாகக் காட்டும்; யார் அடித்தார், யார் அடிபட்டார் என்பது அதற்குள் காணாமல் போகும். எங்கள் போனில் போட்டோ எடுக்கவில்லை. அது எங்கே போய்ச் சேரும் என்று யாருக்கும் தெரியாது.

மேல் சிகிச்சைக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்ப மருத்துவக் காரணமே போதுமானதாக இருந்தது. கணவரிடம் அதைத்தான் சொன்னோம். பரிந்துரைச் சீட்டு அவர் கைக்குப் போகாமல் 108 ஊழியரிடம் போனது. அங்கே பிரசவ வார்டில் இருந்த சிஸ்டரை நானே போனில் பிடித்து விவரம் சொன்னேன். யாரைக் கூப்பிடட்டும் என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். "அம்மாவ" என்றார்.

அம்மா வந்ததும் முதலில் சொன்னது: "பொம்பளன்னா கொஞ்சம் அனுசரிச்சுத்தானம்மா போகணும், நாங்க போகலையா?" அவர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. மகளிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு, டார்ச் அடித்துக் கழுத்தைக் காட்டினேன். அந்த அம்மா அதற்கப்புறம் அனுசரிப்பைப் பற்றிப் பேசவில்லை. 108-ல் ஏறி மகளின் காலடியில் உட்கார்ந்துகொண்டார்.

கிளம்பும் முன் 181 என்ற எண்ணைச் சொல்லி மனப்பாடம் செய்ய வைத்தேன். பெண்களுக்கான உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள். அச்சிட்ட துண்டுச்சீட்டைக் கொடுக்கவில்லை. பையிலோ ரவிக்கையிலோ அது அகப்பட்டால் அதற்கும் ஓர் அடி விழும். ஆதார், ரேஷன் கார்டு நகல், தாய் சேய் நல அட்டை மூன்றையும் அம்மா வீட்டில் வைக்கச் சொன்னேன்.

சட்டத்தில் நமக்கு உள்ள இடம்

2005 சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 7-ஆவது பிரிவின்படி, பாதிக்கப்பட்ட பெண் கேட்டால் மருத்துவ நிலையம் சிகிச்சை தந்தே ஆக வேண்டும். முன்பே புகார் பதிவாகவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்ப முடியாது. 4-ஆவது பிரிவின்படி, வன்முறை நடப்பதாக நம்புகிற யாரும் இந்தச் சட்டத்தின் கீழ் நியமிக்கப்பட்ட பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு தந்த தகவலுக்காக அவர்மீது நடவடிக்கை வராது. "நாளைக்கு நம்மள கோர்ட்டுக்கு இழுப்பாங்க" என்று பயப்படும் சக செவிலியர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பாதுகாப்பு அலுவலரை மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேட்டால் காட்டுவார்கள். ஒருங்கிணைந்த சேவை மையத்தில் சில நாள் தங்கலாம். ஆலோசனை, போலீஸ், வக்கீல் உதவி அங்கேயே கிடைக்கும். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்ணுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. அடிக்கும் கணவனைச் சிறைக்கு அனுப்புவது ஒன்றுதான் வழி என்று நினைத்துப் பல பெண்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். இந்தச் சட்டத்தின் முதல் வேலை பாதுகாப்பு உத்தரவு, அதே வீட்டில் வசிக்கும் உரிமை, பராமரிப்புப் பணம். கிரிமினல் வழக்கு தனி. கணவரோ அவர் வீட்டாரோ செய்யும் கொடுமைக்கான பழைய தண்டனைச் சட்டப் பிரிவு 498ஏ, இப்போது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 85-ஆவது பிரிவு. 18 வயதுக்குக் கீழ் உள்ள பெண் கர்ப்பமாக வந்தால் விருப்பம் கேட்கும் பேச்சே இல்லை, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டப்படி தகவல் கொடுத்தே ஆக வேண்டும்.

பிறகு நடந்தது

நச்சுக்கொடி பிரியவில்லை. நான்கு நாள் கழித்து அம்மா வீட்டுக்குப் போனார். புகார் கொடுக்கவில்லை. நவம்பர் மழையில், 37 வாரம் முடிந்து, 2.3 கிலோவில் பெண் குழந்தை. குழந்தைக்கு மூன்றரை மாதத் தடுப்பூசி போட்ட கையோடு கணவர் வீட்டுக்குத் திரும்பிப் போனார். ஊர்ப் பெரியவர்கள் பேசி, கணவர் சத்தியம் செய்திருந்தார். கிராம சுகாதார செவிலியர் இதைச் சொன்னபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. இவ்வளவும் செய்தது வீணா என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. சோறு, குழந்தை, ஊர்ப் பேச்சு, கல்யாணமாகாத தங்கை என்று அவர் கணக்கில் இருந்தவை என் கணக்கில் இல்லை. பிரிந்துபோகும் நேரம்தான் பெரும்பாலும் அதிக ஆபத்தான நேரம் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். போகாதே என்று நான் சண்டை போட்டிருந்தால், மறுபடி அடிபட்டபோது என்னிடம் வந்திருக்க மாட்டார்.

மூன்று வாரத்தில் வந்தார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு, ஒரு புதன்கிழமை, தடுப்பூசி வரிசையில் நின்றார். அன்று போட வேண்டிய ஊசி எதுவும் இல்லை. "சும்மா எடை பாக்க வந்தேன் சிஸ்டர்" என்றார். குழந்தையை எடைத் தட்டில் வைத்துவிட்டு அவரை உள்ளே கூப்பிட்டுப் போனேன். அங்கிருந்தே 181-க்குப் பேசினார், என் போனில், அவரே.

பாதுகாப்பு அலுவலர் குடும்ப நிகழ்வு அறிக்கை எழுதினார். மாஜிஸ்திரேட் முன் மனு போனது. ஆக்ஸிடென்ட் ரிஜிஸ்டர் நகலை வக்கீல் வாங்கிக்கொண்டார். கழுத்துத் தடத்தின் 7 செ.மீ., தனியே சொன்ன வாக்கியம் எல்லாம் அதில் இருந்தன. இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு கிடைத்தது. வக்கீல் இன்னொன்றும் கேட்டார்: செப்டம்பருக்கு முன்பும் அடித்ததாகச் சொல்கிறாரே, அதற்கு உங்களிடம் ஏதாவது பதிவு இருக்கிறதா?

தாய் சேய் நல அட்டையை எடுத்துப் பார்த்தோம். 16-ஆவது வாரத்துக்கு நேரே என் கையெழுத்தில் 110/70 இருந்தது. கையைப் பற்றி ஒரு வரி இல்லை.

இப்போது எங்கள் நிலையத்தில்

2019-21-இல் எடுத்த ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 38 விழுக்காட்டினர் கணவரின் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை நாற்பது பேர் வந்தால் அதில் பதினைந்து பேர். டாக்டரிடம் பேசி, எடை பார்க்கும் மெஷினைத் திரைக்குப் பின்னால் மாற்றினோம். ஒவ்வொரு கர்ப்பிணியும் அங்கே தனியாகத்தான் வருவார், மாமியாரோ கணவரோ எவரானாலும் திரைக்கு வெளியே. எல்லாரையும் வற்புறுத்தி விசாரிப்பதில்லை. அடையாளமோ, வராமல் விட்ட மாதமோ, இறங்கும் எடையோ கண்ணில் பட்டால் கேட்கிறோம். இல்லை என்றால் விட்டுவிட்டு, "எப்ப வேணா வந்து சொல்லலாம்" என்கிறோம். போன மாதம் 70 வயதுப் பாட்டி ஒருவர் சர்க்கரை மாத்திரை வாங்க வந்தார். மணிக்கட்டில் கயிற்றுத் தடம். அவரையும் திரைக்குப் பின்னால் எடை பார்க்கக் கூப்பிட்டேன்.

அந்தப் பெண் அம்மா வீட்டில்தான் இருக்கிறார், வழக்கு நடக்கிறது. ஆகஸ்ட்டில் குழந்தைக்கு ஒன்பதாம் மாதத் தடுப்பூசி போட வந்தார். பி.பி. பார்க்கச் சொல்லி அவரே சுடிதார் கையை மேலே ஏற்றிவிட்டு இடது கையை நீட்டினார். பட்டையைச் சுற்றும் முன் உட்புறம், வெளிப்புறம் இரண்டையும் பார்த்தேன். "காயம் எதுவும் இல்லை" என்று எழுதிவிட்டு, அதற்குக் கீழே 116/74 என்று எழுதினேன்.